சூடு காட்டாத படம்

மார்ச் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

கையெழுத்து புதிதாக இருக்கிறதே என்று திகைக்காதே. முப்பத்தெட்டு வருஷம் இந்த வீட்டுக்குக் கடிதம் எழுதின கை போய் ஏழு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு யாரைக் கேட்பது என்று தெரியாமல் சும்மா இருந்தேன். தையல்காரம்மாதான், "என்ன பெரியவரே, சொல்ல வாயிருக்கு, கேக்கப் பொண்ணு இருக்கா, நடுவுல ஒரு பேனாதானே இல்லை" என்று மாடியேறி வந்து உட்கார்ந்தார்கள். நான் பேசுவதை அப்படியே எழுதாமல் நல்ல தமிழாக்கி எழுதுகிறார்கள். அப்பா திடீரென்று படித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே.

கால் பரவாயில்லை. தடி ஊன்றித் தெருமுனை வரை போய் வருகிறேன். இடது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. காலையில் இன்னமும் இரண்டு டம்ளரைக் கழுவி வைக்கிறேன், பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைக்கிறேன்.

காரியம் முடிந்த மூன்றாம் நாளே நீ கிளம்பிவிட்டாய். என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார், அவர்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல.

கோபப்பட வேண்டியவன் நான், பாப்பா. ஆலையில் முப்பத்தொரு வருஷம் மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். எண்ணெய் போடும் முன்னால் ஒவ்வொரு மிஷின் மேலும் உள்ளங்கையை வைப்பேன். சுட்டால் உள்ளே கோளாறு. ஆஸ்பத்திரியில் உடம்பின் சூட்டைப் படம் பிடிக்கிற கேமராவில் உனக்கு வேலை என்று நீ சொன்னபோது, "என் கை செஞ்ச வேலையத்தான் என் பொண்ணு மிஷினை வச்சுச் செய்யறா" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். உன் அம்மாவின் படம் வந்தது. சூடு இல்லை என்று நீயே எழுதினாய். அதை நம்பி இருந்துவிட்டோம். உன் கேமரா சரியாகச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தை அவளே எழுதிக்கொண்டிருப்பாள்.

இதைச் சொல்லக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். வாயில் வந்துவிட்டது. "இதை எழுதவா, வேண்டாமா?" என்று தையல்காரம்மா கேட்கிறார்கள். எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா
(பெருவிரல் அடையாளம்)


மார்ச் 19

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எழுதவா வேண்டாமா என்று கேட்ட அந்த அம்மாவுக்கு என் நன்றி. நீங்கள் எழுதச் சொன்னதும் நல்லதுதான். ஏழு மாதமாக உங்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அம்மா என்னோடு பத்து நாள் இருக்க வந்தாள். எட்டாம் நாள், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, மார்பில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது என்றாள். தொட்டுப் பார்த்தேன். இருந்தது. மறுநாள் சனிக்கிழமை, என் கேமரா அறைக்கே கூட்டிப் போனேன்.

அந்த அறையில் ஜன்னலைக் கறுப்புத் தாள் ஒட்டி மூடியிருப்போம். வெயில் ஒரு கீற்று விழுந்தாலும் படம் கெட்டுவிடும். பவுடர் போடக்கூடாது, சூடாக எதுவும் குடித்துவிட்டு வரக்கூடாது. இடுப்பு வரை துணி இல்லாமல், கைகளை உடம்பில் படாமல் வைத்துக்கொண்டு, குளிரில் பதினைந்து நிமிஷம் உட்கார வேண்டும். அப்போதுதான் தோலின் மேற்சூடு அடங்கி உள்ளே இருப்பது தெரியும். அம்மா நடுங்கிக்கொண்டே, "பொண்ணு பாக்க வந்தவங்ககூட என்னை இவ்வளவு நேரம் உக்கார வைக்கலைடி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் படம் எடுத்தேன். கேமரா தொடாது, கதிர் எதையும் உள்ளே விடாது. உடம்பு தானாக வெளியே விடுகிற அகச்சிவப்பு வெப்பத்தை வாங்கி நிறமாகக் காட்டும், அவ்வளவுதான். சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீலமும் பச்சையுமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்தீர்கள். திங்கட்கிழமை ரயிலில் அம்மா ஓடி வந்துவிட்டாள். புதன்கிழமைதான் டாக்டர் படத்தைப் பார்த்தார். "படத்தில் சூடு இல்லை. ஆனால் கையில் கட்டி தட்டுப்படுகிறது. சில கட்டி சூடு காட்டாது. இந்தப் படம் துணைக்குத்தான், இதை வைத்து முடிவு கட்டக்கூடாது. உடனே மார்பக எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றார். அன்றைக்கே, உட்கார்ந்த இடத்திலேயே, உங்கள் இருவர் பெயருக்கும் அதை எழுதினேன். நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள் என்று அம்மா பதில் போட்டாள். பிறகு இரண்டு தடவை அவள் பெயருக்கு மட்டும் எழுதினேன். உங்கள் மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அதே பதில்தான். எட்டு மாதம் கழித்து அவள் கை வீங்கிய பிறகு கூட்டி வந்தீர்கள். அதற்குள் எல்லாம் பரவிவிட்டது.

கேமரா தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. அதற்குத் தெரியாததை நான் எழுத்தில் சொன்னேன். வேண்டாம் என்றது நீங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைத் தையல்காரம்மா படித்தார்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்க்கவே இல்லை. நான் ஏதோ கொலை செய்துவிட்டு அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன் போல.

எனக்கு எழுத்துத் தெரியாது. அதனாலேயே காதில் விழுந்தது எதையும் நான் கீழே விட்டதில்லை. படித்தவனுக்குக் காகிதம் இருக்கிறது, மறந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்வான். எனக்கு என்ன இருக்கிறது? நீ கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் போட்ட கடிதத்தை இப்போது சொல்லட்டுமா? விடுதியில் உன் பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுகிறாள், அவளுக்கு நீ வைத்த பெயர் ரோடு ரோலர். சரிதானே?

அந்தக் கடிதத்தையும் சொல்கிறேன், கேள். சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். எனக்கு இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. உன் அம்மா கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்தாள்.

"அன்புள்ள அம்மா அப்பாவுக்கு. அப்பா விழுந்த சேதி கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அம்மா, உன் படத்தை டாக்டர் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கிறது, எங்கேயும் சூடு இல்லை என்றார். படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் கட்டு எப்போது பிரிப்பார்கள்? அவருக்குக் கோபம் வரும்போதெல்லாம் அவரைப் பாட்டுப் பாடச் சொல், அக்கம்பக்கத்தார் வந்து கட்டைப் பிரித்துவிட்டு அவரை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முத்தங்கள். உங்கள் பாப்பா."

இவ்வளவுதான். பாட்டு விஷயத்துக்கு நான் சிரித்தேன், கட்டுக்குள்ளே வலித்தது. எக்ஸ்ரே என்ற சொல் இதில் இல்லை. ஊசி என்ற சொல் இல்லை. வேண்டாம் என்று நான் எதைச் சொல்வேன்? என்னிடம் கேட்டால்தானே வேண்டாம் என்பதற்கு?

உன் அம்மா முப்பத்தெட்டு வருஷத்தில் என்னிடம் ஒரு பொய் சொன்னவள் இல்லை. நீ சின்னப் பிள்ளையிலிருந்தே, கண்ணாடி உடைந்தால் காற்றடித்தது என்பாய். பயத்தில் சொல்வாய், அது எனக்குத் தெரியும். இப்போதும் பயந்து போயிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் அப்பா
(பெருவிரல் அடையாளம்)


ஏப்ரல் 15

அப்பாவுக்கு,

பாட்டு விஷயம் வரை ஒரு வரி பிசகாமல் சொல்லியிருக்கிறீர்கள். அதைக் கேட்டு நானும் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை.

அந்தக் கடிதம் இரண்டு பக்கம். நீங்கள் சொன்னது ஒரு பக்கம்கூட வராது. அம்மா எல்லாக் கடிதங்களையும் அலமாரி மேல்தட்டில் தகரப் பெட்டியில் வைத்திருப்பாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செப்டம்பர் மாதம், மஞ்சள் உறை, உள்ளே அந்த நிறப் படமும் இருக்கும். எடுத்து யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். நான் பொய் சொல்கிறேன் என்று அதற்குப் பிறகும் தோன்றினால் எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன். இத்தோடு இருக்கட்டும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் இப்போது கேமரா அறையில் இல்லை. அம்மா உட்கார்ந்த ஸ்டூல் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணும் வந்து அதில் உட்காரும்போது எனக்குக் கை ஓடவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, கோப்பு எடுத்துக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். என் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. படம் நீலமாக வந்தபோது எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவினால்தான், நீங்கள் வேண்டாம் என்றதும் நேரில் வந்து சண்டை போடாமல் எழுதிக்கொண்டே இருந்துவிட்டேன். அது என் தப்பு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்


மே 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் வீடும் இருக்கிறபடி இருக்கிறோம். குழாயைச் சரிசெய்ய ஆள் வந்தான், சரியாக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான், முன்பு சொட்டாக விழுந்தது இப்போது தாரையாக விழுகிறது. வெயில் அதிகம். கீழே தையல் மிஷின் நாலு நாளாக ஓடவில்லை, பெல்ட் அறுந்துவிட்டது. நான் போய்ப் பார்த்து மாட்டிக் கொடுத்தேன்.

பெட்டியை இன்னும் எடுக்கவில்லை. மேல்தட்டுக்குக் கை எட்டவில்லை. ஸ்டூலில் ஏறுகிற ஆசை எனக்கு இனிமேல் இல்லை. பூட்டு வேறு போட்டிருக்கிறது, சாவி எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. அதில் இருக்கப் போவது எனக்குத் தெரிந்ததுதான். என் ஞாபகத்தைக் காகிதத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டிய நிலைமை எனக்கு இதுவரை வந்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா
(பெருவிரல் அடையாளம்)

அம்மா, இது நான் சேர்த்து எழுதுவது, பெரியவருக்குத் தெரியாது. பெட்டியை நான் போன வாரமே இறக்கிக் கட்டில் மேல் வைத்துவிட்டேன். சாவி அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். நான் அவசரப்படுத்தவில்லை. தையல்காரி.


ஜூன் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

படிக்கக் கேட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். தையல்காரம்மா மஞ்சள் உறையைத் தேடி எடுத்து, ஊசி கோர்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்கள். அப்பா விழுந்த சேதி கேட்டதிலிருந்து, அது சரி. படத்தை டாக்டர் பார்த்தார், அது சரி. எங்கேயும் சூடு இல்லை என்றார், அதுவும் சரி. நான் கூடவே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் நின்றுவிட்டார்கள்.

"என்னம்மா?" என்றேன்.

"இங்க ஒரு பக்கம் இருக்கு பெரியவரே."

"என்ன பக்கம்?"

"நீங்க சொல்லாத பக்கம்."

படித்தார்கள். "ஆனால் அம்மா, இதை நம்பி உட்கார்ந்துவிடாதே. சில கட்டி சூடு காட்டாது. நாலு நாளுக்குள் நீ இங்கே வர வேண்டும், எக்ஸ்ரே எடுத்து, ஊசி வைத்தும் பார்க்க வேண்டும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நான் ஏற்பாடு செய்கிறேன். அப்பா, நீங்கள்தான் அம்மாவைப் பிடித்துத் தள்ளி ரயிலேற்ற வேண்டும், அவள் தானாக வர மாட்டாள், உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்."

என்னைத்தான் நம்பியிருந்திருக்கிறாய், பாப்பா. அந்த வரி எனக்கு வந்து சேர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இப்போது எனக்கு அந்தச் சனிக்கிழமை முழுதாகத் தெரிகிறது. சூடு இல்லை என்றார் என்று படித்துவிட்டு உன் அம்மா நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். வேண்டும் என்றேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளும் குடித்தாள். உட்கார்ந்து காகிதத்தைத் திருப்பினாள். அப்பாவுக்குக் கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று படித்தாள். இதெல்லாம் எனக்கு அன்றிலிருந்தே ஞாபகம் இருக்கிறது. தாகம் என்று நினைத்துக்கொண்டேன். என் ஞாபகத்தில் ஓட்டை இல்லை. உள்ளே வந்து சேர்ந்ததில்தான் இருந்தது.

ஏன் மறைத்தாள் என்று என்னை நீ கேட்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு தடவை என்னை ஒருக்களித்துப் படுக்க வைப்பாள், முதுகு புண்ணாகாமல் இருக்க. மலசலத் தட்டை வைப்பாள், எடுப்பாள். இன்னொருவர் கை பட விடமாட்டேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய ஆளை முதல் நாளே விரட்டிவிட்டேன். எழுபத்தொன்பது நாள் கட்டு. கட்டி இருந்தது இடது பக்கம். என்னைத் தூக்கும்போது அவள் முட்டுக் கொடுத்ததும் இடது தோளால்தான்.

உன்னைப் பொய்க்காரி என்று எழுதவைத்தேன். கண்ணாடி உடைந்த கதையை எல்லாம் இழுத்தேன். தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. நான் கேட்கிறேன். தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறார்கள், காகிதம் நனைந்திருந்தால் அது என்னால் இல்லை.

ஒரே ஒன்று கேட்கிறேன். நான் வேண்டாம் என்றேன் என்று அவள் உனக்கு எழுதினாளே, அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் அனுப்பு. என் பேரில் அவள் என்ன பேசினாள் என்று நான் கேட்க வேண்டும்.

உன் அப்பா
(பெருவிரல் அடையாளம்)


ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து படித்தேன். பிறகு கதவைத் திறந்துவைத்துவிட்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றேன்.

அம்மாவின் கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, இனிமேல் நம் வீட்டில் யாரும் யாருக்காகவும் எதையும் மறைத்துவைக்க வேண்டாம் என்று தோன்றியது. அதனால் அந்த இடத்தை இதில் பார்த்து எழுதுகிறேன். ஒரு சொல்லையும் விடவில்லை.

"உன் கடுதாசியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சொல்கிறார், 'நான் இப்படி மரக்கட்டை மாதிரி கிடக்கறேன், நீ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு போயிட்டா என்னை யார் பாக்கறது? கண்டவன் வந்து என்னைத் தூக்கறதா? என் கால் ஆறட்டும். உன்னோடது எங்க ஓடிடப் போவுது, அப்புறம் பாத்துக்கலாம்' என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தானேடி. வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறார். நீ இதைப் பற்றி அப்பாவுக்குத் தனியாக எழுதிக் கேட்டுவிடாதே. வலியில் இருக்கிற மனுஷன். எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன்."

இதைப் படித்துவிட்டுத்தான் அப்பா, நீங்கள் அவளைக் கொன்றீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன். மூன்றாம் நாளே கிளம்பியதும் அதனால்தான்.

இப்போது எனக்கு ஒன்று புரியவில்லை. இவ்வளவு நாளும் என் கோபம் உங்கள் மேல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன், வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன். அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அம்மா மேல் வைக்க முடியவில்லை. எடுத்து வைக்கப் போனால் அவள் அந்தக் குளிரில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து சிரிக்கிறாள். அதனால் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

குழாய்க்கு வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

உங்கள் பாப்பா


ஜூலை 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைத் தையல்காரம்மாவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். உன் அம்மா எழுதிய இடத்தை நாலு தடவை.

"பாருங்க பெரியவரே, நீங்க சொல்லாததை எல்லாம் சொன்னதா எழுதிட்டாங்களே அந்த அம்மா. எவ்வளவு பெரிய பழி" என்றார்கள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

ஏனென்றால் அதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை, பாப்பா. மரக்கட்டை மாதிரி, கண்டவன், எங்க ஓடிடப் போவுது. எல்லாம் என் பேச்சு. என் தொண்டையே எழுந்து பேசியது போல இருந்தது. நான் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

அன்று மத்தியானம் முழுதும் படுத்துக்கொண்டு அதைத் தேடினேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையும் படித்திருந்தால், உங்களைத்தான் நம்பியிருக்கிறேன் என்ற வரியையும் படித்திருந்தால், என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று. போ, இன்றைக்கே போ என்று சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். அது என் குரலில் வரவில்லை. வேறு யாரோ நல்ல மனுஷன் பேசுவது போல இருந்தது.

சாட்சி வேண்டுமென்றால் எனக்கு ஞாபகம் இருக்கிறதே. கட்டுப் போட்ட ஒன்பதாம் நாள் அவளுக்குப் பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது. டாக்டரிடம் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றாள். "உன் பல் எங்க ஓடிடப் போவுது" என்றேன். போகவில்லை. இருபத்திரண்டாம் நாள் கடையிலிருந்து அரை மணி தாமதமாக வந்தாள், டம்ளரைச் சுவரில் எறிந்தேன். அவளே துடைத்தாள். ஆக, அவள் உனக்கு எழுதியது பொய் இல்லை. என்னிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சொல் என் வாயால் வந்துவிடாமல் இருக்கத்தான் என்னிடம் கேட்காமலே இருந்திருக்கிறாள். அப்படித்தான் எனக்குப் படுகிறது. சொல்லாததால் நான் இத்தனை நாள் நல்லவனாக இருந்தேன்.

இன்னொன்று. ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்த ஏழாவது வருஷம், நாலாம் நம்பர் மிஷினில் கை வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. பத்து நிமிஷத்தில் தண்டு முறிந்து விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. சூடில்லாமலும் உள்ளே விரிசல் ஓடும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஒரு தடவைதானே என்று அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சூடில்லை என்று அவள் படித்த நேரத்தில் நாலாம் நம்பர் எனக்கு ஞாபகம் வந்தது. கட்டாயம் வந்தது. நல்ல செய்தியைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

உன் கோபத்தை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தாய். எடுத்த இடத்திலேயே வை. என் மேல் வை. நீ நினைத்தது தப்பில்லை, கொஞ்சம் முன்பின்னாக இருந்தது, அவ்வளவுதான். உன் அம்மா மேலும் வைக்காதே, உன் மேலும் வைத்துக்கொள்ளாதே. எனக்கு இது பழகிவிட்டது. இருக்கிற வரைக்கும் தாங்குவேன். அதற்காக நீ வர வேண்டும் என்றில்லை, எழுத வேண்டும் என்றுமில்லை.

தையல்காரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதை அனுப்பினா பொண்ணு திரும்ப வராது பெரியவரே" என்கிறார்கள். அது எனக்கும் தெரிகிறது. எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், செய்வதும் செய்யாததும் உன் இஷ்டம். அந்த ஜன்னலை விட்டு எழுந்து கேமரா அறைக்குப் போ. ஸ்டூலை வேண்டுமானால் மாற்றிப் போட்டுக்கொள். எந்தப் பெண்ணுக்காவது படம் நீலமாக வந்து, கட்டி மட்டும் கையில் தட்டுப்பட்டால், தாளில் எழுதி அவள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடாதே. அவள் புருஷனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, உன் வாயால் சொல். அவனுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம்.

உன் அப்பா
(பெருவிரல் அடையாளம்)